மார்கழிக்கு டிக்கெட் போடுவது: சில குறிப்புகள்

ஆடி பிறந்துவிட்டால் டொரண்டோவின் ஸ்காபரோப் பகுதி மளிகைக் கடைகளிலும் கோயில் வாசலிலும் ஒரே விசாரிப்புதான்: "டிக்கெட் போட்டாச்சா?" எந்த ஊருக்கு, எந்த மாதம் என்று யாரும் விளக்குவதில்லை. டொரண்டோவில் பள்ளிகளுக்கு டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் விடுமுறை. அந்த இரண்டு வாரத்துக்குள் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்பவேண்டும். பனிக்காலத்தில் இந்த நகரத்தை விட்டுக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சன்னலுக்குள்தான் நுழைந்து வெளியே வருகின்றன.

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "எப்ப வாங்கினா மலிவு?" பலரும் பலவிதமாகப் பதில் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்பார்கள், நள்ளிரவு என்பார்கள், நவம்பர் தள்ளுபடி வரட்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கையில் காசு எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களுக்கு இது பெரிய தொகை. நாலு பேர் போய்வரும் செலவு சில வீடுகளில் நாலைந்து மாத வாடகை. ஊகத்தை நம்பி அதைத் தோற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

*

விமானத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பார்கள். சாதாரண வகுப்புக்குள்ளேயே ஒய், பி, எம், எச், கே, எல் என ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பல விலை அடுக்குகள் உண்டு. டிக்கெட் ஏஜென்ட்டுகள் இவற்றை 'கிளாஸ்' என்கிறார்கள். "எல் கிளாஸ் முடிஞ்சுது, கே தான் இருக்கு" என்று அவர்கள் சொன்னால், இருக்கை அதேதான், விலை ஒரு படி ஏறிவிட்டது என்று பொருள். எழுத்துகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒய் மட்டும் பெரும்பாலும் முழு விலை.

ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை இருக்கை திறந்திருக்கிறது என்பதைக் கணினி தினமும், சில சமயம் மணிக்கு மணி, மாற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கணக்கின் வேர் 1972இல் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முன்னோடியான பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் அந்த ஆண்டு ஒரு எளிய விதியை முன்வைத்தார். இப்போது மலிவு விலைக்குக் கேட்பவருக்கு இருக்கையைத் தரலாமா, பின்னால் கூடுதல் விலைக்கு வரக்கூடியவருக்காக நிறுத்தி வைக்கலாமா? கூடுதல் விலையை, அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்போடு பெருக்கிப் பார். வரும் தொகை மலிவு விலையைவிட அதிகமாக இருந்தால் இருக்கையைக் கொடுக்காதே. அவ்வளவுதான் விதி.

எண் போட்டுப் பார்க்கலாம். இவை விளங்குவதற்காக நான் வைத்த எண்கள். மலிவு டிக்கெட் 1,400 டாலர், விலை கூடியது 2,400 டாலர். பள்ளி மூடும் வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் 2,400 கொடுக்க ஆள் வரும் வாய்ப்பு 90 சதவீதம் என்று வையுங்கள். பெருக்கினால் 2,160. 1,400க்குக் கேட்பவருக்குக் கதவு மூடப்படும். அதே விமானம் ஜனவரி 22ஆம் தேதி பறக்கிறது, வாய்ப்பு 30 சதவீதம் மட்டும். பெருக்கினால் 720. 1,400க்குத் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செப்டம்பரில் டிசம்பர் 19 விமானத்தின் இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பாதி காலியாத்தானே இருக்கு, விலை இறங்கும்" என்று காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலி இருக்கைகளில் ஒரு பகுதி, விற்கப்பட்டும் இன்னும் எண் ஒதுக்கப்படாதவை. இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் என்பதால் பலர் கடைசிவரை தேர்ந்தெடுப்பதில்லை. மற்றவை பின்னால் வருபவருக்காக வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டவை. அந்தப் பின்னால் வருபவர் யார்? நவம்பரில்தான் லீவு கிடைத்த அப்பா. அக்டோபர் கடைசிவரை மனம் முடிவுக்கு வராத குடும்பம். நாமேதான். ஆண்டாண்டாக நாம் இப்படிக் கடைசியில் வாங்கி வந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கணினி கற்றிருக்கிறது.

*

முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்ற விதிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1981இல் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனம் எல்லோருக்கும் மலிவு விலை என்று கூட்டம் சேர்த்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பதிலடி கொடுத்தது. முன்கூட்டியே வாங்குபவருக்கு மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளை மட்டும், அதே மலிவு விலையில் தந்தார்கள். அவசரமாக வரும் வியாபாரப் பயணியிடம் பழைய விலையை விடவில்லை. 1987 தொடக்கத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்தோடு கலந்து மறைந்தது.

21 நாளுக்கு முன், 14 நாளுக்கு முன், 7 நாளுக்கு முன் என்று விலை படியேறும் விதிகள் அந்தக் காலத்திலிருந்து வருபவை. சாதாரண வாரத்துக்கு இந்தப் படிகள் முக்கியம். டிசம்பர் விடுமுறைக்கு இவற்றால் பெரிய பயனில்லை. 21 நாளுக்கு முன்பே மலிவு அடுக்குகள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

*

குடும்பமாக வாங்குபவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது.

நாலு டிக்கெட்டை ஒன்றாகத் தேடுகிறீர்கள். மலிவு அடுக்கில் மூன்றே இருக்கை மிச்சம். கணினி மூன்றை அந்த விலைக்கும் ஒன்றை அடுத்த விலைக்கும் பிரித்துக் காட்டுவதில்லை. நாலையும் சேர்த்து மேல் அடுக்குக்குத் தூக்கிவிடும். ஆகவே முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள். பிறகு இரண்டு, மூன்று. எங்கே விலை குதிக்கிறது என்று தெரிந்துவிடும். பிரித்து வாங்கினால் இரண்டு பதிவு எண்கள் வரும். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் ஒரு குடும்பம் என்று குறிப்பிடச் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். இந்தச் சிரமத்துக்கு ஈடாக நானூறு ஐந்நூறு டாலர் மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் சர்வதேசப் பயணத்தில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம். திரும்பும் நாளுக்கு முன் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கவேண்டும். மார்கழியில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் கவனிக்க.

*

செவ்வாய்க்கிழமைக் கதை. அது முழுப் பொய்யாகப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் வாரத் தொடக்கத்தில் தள்ளுபடி அறிவிக்கும். போட்டியாளர்கள் மறுநாள் அதே விலைக்கு இறங்குவார்கள். செவ்வாய் மதியம் எல்லோரிடமும் மலிவு விலை தெரியும். இன்று கட்டணங்கள் நாளுக்குப் பலமுறை மாறுகின்றன. வாங்கும் கிழமையால் வரும் வேறுபாடு மிகச் சிறியது. பறக்கும் கிழமை வேறு விஷயம். வெள்ளி, சனி, ஞாயிறைவிடச் செவ்வாய், புதன் பறப்பது பெரும்பாலும் மலிவு. கிழமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, எது வாங்கும் கிழமை, எது பறக்கும் கிழமை என்பதை வழியில் தொலைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 24 இரவு, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் பறப்பது சுற்றியுள்ள நாட்களைவிடக் குறைவாக இருக்கும். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளுக்கு இது நல்ல வாய்ப்பு. பள்ளி மூடிய பிறகு நாலைந்து நாள் வீட்டில் இருந்துவிட்டு 24 இரவு கிளம்பினால், நாட்கள் குறையும், பணம் மிஞ்சும். எது பெரிது என்பது அவரவர் வீட்டுக் கணக்கு.

உலாவியின் மறைமுகப் பக்கத்தில் தேடினால்தான் விலை ஏறாது என்பதும் ஒரு நம்பிக்கை. நீங்கள் பார்த்ததால் விலை ஏறுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்த அரை மணியில் வேறொருவர் வாங்கியதாலோ, பழைய விலைப் பதிவு புதுப்பிக்கப்பட்டதாலோ ஏறியிருக்கும்.

*

காத்திருக்கச் சொல்பவர்கள் எடுத்துக்காட்டும் கதை ஒன்று. ஓரன் எட்ஸியோனி அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைப் பேராசிரியராக இருந்தார். சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தம்பியின் கல்யாணத்துக்குப் போக மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் வாங்கினார். விமானத்தில் பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தால், அவருக்குப் பின்னால் வாங்கியவர்கள் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆத்திரம் ஆராய்ச்சியாக மாறியது. அவரும் சகாக்களும் இரண்டு வழித்தடங்களில் 41 நாட்களில் 12,000க்கும் மேற்பட்ட விலைகளைச் சேகரித்து, 'இப்போது வாங்கு' அல்லது 'காத்திரு' என்று சொல்லும் ஒரு நிரலை எழுதி 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நாளை என்ன விலை என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் மிச்சம் பிடிக்கக்கூடியதில் சுமார் 60 சதவீதத்தை அந்த நிரல் மிச்சம் பிடித்தது. அது ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 11.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் அந்த விலைக் கணிப்பு சேவை நிறுத்தப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தாயா, சீக்கிரம் வாங்கினால் நஷ்டம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. எட்ஸியோனி பறந்தது அமெரிக்காவுக்குள், நாளுக்கு எத்தனையோ விமானங்கள் ஓடும் தடத்தில். டொரண்டோவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் ஒன்றுகூட இல்லை. போட்டி நிறைந்த குறுந்தடத்தில் காத்திருப்பது ஒரு தந்திரம். வழி குறைந்த நெடுந்தடத்தில், எல்லோரும் போகும் வாரத்தில், காத்திருப்பது வெறும் தாமதம்.

இப்போது கூகிள் ஃப்ளைட்ஸில் விலைக் கண்காணிப்பு இருக்கிறது. தேதியைக் கொடுத்து வைத்தால் ஏற்ற இறக்கத்தை மின்னஞ்சலில் சொல்லும். மான்ட்ரியலில் தொடங்கிய ஹாப்பர் செயலியும் கணிப்பு சொல்கிறது. இரண்டையும் பயன்படுத்துங்கள், முக்கியமாக அந்த விலை வரைபடத்தை. நாளை என்ன ஆகும் என்று அது சொல்வதைவிட, இரண்டு நாள் முன்னே பின்னே நகர்ந்தால் இன்று எவ்வளவு குறைகிறது என்று அது காட்டுவது பெரிய உதவி.

*

நம் நாட்காட்டிக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் உள்ள பிணக்கைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மார்கழி டிசம்பர் 16ஐ ஒட்டிப் பிறந்து ஜனவரி 13 அல்லது 14 வரை போகிறது. டொரண்டோ பள்ளி விடுமுறை முழுக்க இதற்குள் அடக்கம். மார்கழியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. ஆக, வருடத்திலேயே மிக விலை கூடிய வாரத்தில் ஊருக்குப் போகிறவர்கள், உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதுவும் நடக்காத மாதத்தில் போய் இறங்குகிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியைப் பார்க்கிறார்கள், அது பெரிது. ஆனால் தையில் அத்தை மகளுக்குக் கல்யாணம் என்றால் அதற்கு இருக்க முடியாது.

மறுபக்கம், ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு டொரண்டோவிலிருந்து கிளம்பும் விமானங்களில் விலை சரிகிறது. அங்கிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை வருடத்தின் மலிவான காலங்களில் ஒன்று. தை முகூர்த்தங்கள், தைப்பூசம் எல்லாம் அந்த மலிவுக் காலத்தில் இருக்கின்றன. சென்னையில் மழை முடிந்து வெயில் ஏறாத நாட்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இவர்களெல்லாம் ஏன் பள்ளிக் குடும்பங்களோடு அதே வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கவேண்டும்? பழக்கம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கச்சேரி கேட்கப் போகிறவர்கள் தனி. மியூசிக் அகாடமியின் இசைவிழா டிசம்பர் 15ஐ ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு நாள்வரை நடக்கிறது. தேதியை நகர்த்த முடியாது. ஆனால் கிளம்பும் தேதியை நகர்த்தலாம். கட்டண விதிகளில் 'உச்ச காலம்' இந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கோடு இருக்கும். பல நிறுவனங்களில் அது டிசம்பர் முதல் பாதியில் விழுகிறது. கோட்டுக்கு முந்தைய நாள் கிளம்பினால் ஒரு விலை, மறுநாள் கிளம்பினால் வேறு விலை. டிசம்பர் முதல் வாரம் கிளம்பி ஜனவரி 10க்குப் பிறகு திரும்பும் டிக்கெட், 19 போய் 4 திரும்பும் டிக்கெட்டைவிடப் பலநூறு டாலர் குறைவாக இருப்பதை வருடா வருடம் பார்க்கலாம்.

முதல் வாரத்தில் போவதற்கு ஒரு எச்சரிக்கை: மழை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதை நீரில் மூழ்கியது. இறங்கிய மறுநாள் காலை முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

*

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நேரடியாக.

விமானங்கள் சுமார் 11 மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். அப்போதே வாங்கவேண்டியதில்லை; முதலில் தெரியும் விலை பெரும்பாலும் சலுகை எதுவும் இல்லாத விலை. மே, ஜூனில் பார்க்கத் தொடங்குங்கள். பள்ளி வாரியம் அடுத்த வருட நாட்காட்டியை அதற்குள் வெளியிட்டிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை வாங்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள் எப்போதாவது ஒரு வாரம் விலை இறங்கும், அன்று வாங்கிவிடுங்கள். இறங்கவில்லையென்றாலும் செப்டம்பர் தாண்ட விடாதீர்கள்.

நவம்பர் கடைசியில் வரும் கறுப்பு வெள்ளித் தள்ளுபடி இதற்கு உதவாது. சின்ன எழுத்தில் உள்ளதைப் படித்தால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச்வரை பறப்பவர்களுக்கு என்றிருக்கும். பண்டிகை நாட்கள் விலக்கு. தைக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அதற்காகக் காத்திருக்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்கள் காத்திருக்கக் கூடாது.

மார்க்கம் சாலையில் டிக்கெட் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் சொன்னது: "அண்ணை, விலை குறையும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. பிள்ளையளின்ர லீவை உங்களாலை மாத்த ஏலாது எண்டு அவங்களுக்கும் தெரியும்." இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது ஏஜென்ட் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இந்தத் தடத்தில் சில கடைகளுக்கு மொத்த விற்பனையாளர் வழியாக வரும் தனி விலை உண்டு. அது இணையத்தில் தெரியாது. எப்போதும் மலிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆகஸ்டில் ஒரு தொலைபேசி அழைப்புக்குக் காசில்லை. இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெட்டி எத்தனை, தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். மலிவு என்று காட்டும் டிக்கெட்டில் 23 கிலோப் பெட்டி ஒன்றுதான் இருக்கும். ஊருக்குப் போகும் நம் குடும்பம் இரண்டு பெட்டி இல்லாமல் கிளம்பியதை நான் பார்த்ததில்லை.

*

வழி. துபாய், தோஹா, அபுதாபி ஒரு பக்கம். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் இன்னொரு பக்கம். டெல்லி வழி மூன்றாவது. எத்தனை விமானம் விடலாம் என்பதை அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. எமிரேட்ஸ் பல ஆண்டுகள் டொரண்டோவுக்கு வாரம் மூன்று முறை மட்டுமே பறக்க முடிந்தது. கூடுதல் விமானம் கேட்டு 2010இல் கனடாவுக்கும் அமீரகத்துக்கும் பெரிய பிணக்கே மூண்டது. கனடியப் படை அங்கிருந்த தன் தளத்தைக் காலி செய்யவேண்டி வந்தது. 2023இல்தான் தினசரி விமானம் வந்தது. 2022 நவம்பரில் கனடாவும் இந்தியாவும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நீக்கின. கனடிய நிறுவனங்கள் பறக்கக்கூடிய இந்திய நகரங்களின் பட்டியலில் சென்னையும் உண்டு. காகிதத்தில் இருக்கிறது, வானத்தில் இன்னும் வரவில்லை. வரும் நாளில் இந்தக் குறிப்புகளில் பாதியைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும், அதைச் சந்தோஷமாகச் செய்வேன்.

டெல்லி வழியாகப் போகிறவர்கள் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டத்தைக் கணக்கில் வைக்கவேண்டும். சென்னை விமானத்துக்கு இரண்டு மணி இடைவெளி போதாது. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், தவறவிட்ட இணைப்புக்கு மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. டெல்லிவரை ஒன்று, அங்கிருந்து தனியாக ஒன்று என்று வாங்கினால் பொறுப்பு உங்களுடையது. 120 டாலர் மிச்சத்துக்காக வயதான அம்மாவை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. சென்னையிலிருந்து சிறிய விமானங்கள் போகின்றன. கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இறங்கி இரவு முழுக்கச் சாலையில் போவதற்கு இது மாற்று. ஆனால் சிறிய விமானத்தில் பெட்டிக்கான எடை வரம்பும் சிறியது, தவிர இது பெரும்பாலும் தனி டிக்கெட். மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும்.

*

ஊருக்குப் போகாமல் வெயிலுக்கு மட்டும் போகிறவர்கள்: கான்கூன், புந்தா கானா, மான்டேகோ பே. இங்கே கணக்கு வேறு. சுற்றுலா நிறுவனங்கள் விமான இருக்கையையும் விடுதி அறையையும் மொத்தமாக முன்பே எடுத்து வைத்திருக்கின்றன. விமானம் கிளம்பிவிட்டால் அந்த இருக்கைக்கு மதிப்பே கிடையாது. ஆகவே ஜனவரி நடுவிலும் டிசம்பர் முதல் பாதியிலும் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு விலை விழுவதுண்டு. ஒரு பெட்டியோடு எங்கே வேண்டுமானாலும் போகத் தயாராக இருக்கும் இருவர் இதில் நன்றாகப் பயனடையலாம். பிப்ரவரியில் குடும்ப தின வாரயிறுதியும் மார்ச் விடுமுறையும் மீண்டும் பள்ளிக் கணக்குதான். அதற்குச் செப்டம்பர், அக்டோபரிலேயே எடுத்துவிடவேண்டும்.

புளோரிடாவுக்குப் போகிறவர்கள் பஃபலோ விமான நிலையத்தையும் பாருங்கள். எல்லை தாண்டி இரண்டு மணி நேரம் கார். அங்கே விலை அமெரிக்க டாலரில் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

*

தேதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாத பயணமும் உண்டு. விடியற்காலையில் போன் வரும். அன்று மாலை கிளம்பவேண்டும். அன்றைக்கு வாங்குபவரை அவசர வியாபாரப் பயணியிலிருந்து அந்தக் கணினிக்குப் பிரித்தறியத் தெரியாது. முழு விலை கேட்கும். சில கனடிய நிறுவனங்களில் துக்கப் பயணக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. எல்லா அடுக்குக்கும் கிடையாது, சில நேரம் இணையத்தில் கிடைக்கும் சாதாரண விலையே அதைவிடக் குறைவு. இருந்தாலும் கேட்கவேண்டும், வாங்குவதற்கு முன்பே கேட்கவேண்டும். பாட்டியின் சாவுக்குப் போன ஒருவருக்கு, முதலில் வாங்கிவிட்டுப் பிறகு 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நிறுவனத்தின் தானியங்கி உரையாடல் நிரல் தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பிறகு மறுத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம், நிரல் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று பயணிக்கு இழப்பீடு வழங்கியது. அவர் அந்த உரையாடலைப் படம் பிடித்து வைத்திருந்தார். நாமும் வைத்திருக்கவேண்டும்.

ஊரில் எழுபது எண்பது வயதில் பெற்றோர் இருப்பவர்கள், கடவுச்சீட்டையும் ஓசிஐ அட்டை அல்லது விசாவையும் எப்போதும் நடப்பில் வைத்திருங்கள். அந்தக் காலையில் விலையை எப்படியாவது சமாளிக்கலாம். காலாவதியான கடவுச்சீட்டைச் சமாளிக்க முடியாது.

*

பெயர். இந்தியக் கடவுச்சீட்டில் நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் நகராது. சில நிறுவனங்கள் முதல் பெயரையே இரண்டு முறை போடச் சொல்கின்றன, சில வேறு குறி வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு இங்கிருந்து டிக்கெட் போடும்போது இது மிகவும் முக்கியம். எழுத்துப் பிழையைத் திருத்தப் பல நிறுவனங்கள் காசு கேட்கும், ஆள் மாறிவிட்டது போலப் பெயர் முழுதும் வேறாக இருந்தால் திருத்தவே மறுக்கும்.

*

வாங்கிய பிறகு.

அமெரிக்காவிலிருந்து அல்லது அமெரிக்காவுக்குப் பறக்கும் டிக்கெட்டை, பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கையில் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் பணம் இழக்காமல் ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் ஒரு நாள் நிறுத்தி வைக்கவோ வழி தரவேண்டும் என்பது அந்நாட்டு விதி. கனடாவிலும் பெரிய நிறுவனங்கள் இதைப் போன்ற சலுகை தருகின்றன. ஆகவே வாங்கிய இரவே ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை விலையையும் பெயரையும் தேதியையும் பாருங்கள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதி ஒரு நாள் பிசகுவது சகஜம்.

பிறகு அக்டோபர் கடைசி. உலகெங்கும் விமானங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று தொடங்குகிறது. கோடையில் வாங்கிய டிசம்பர் டிக்கெட்டின் நேரங்கள் அதற்கு முன்னும் பின்னும் மாறும். துபாயில் மூன்று மணி இருந்த இடைவெளி ஐம்பது நிமிடமாகச் சுருங்கியிருக்கலாம், அல்லது பதினைந்து மணியாக நீண்டிருக்கலாம். மின்னஞ்சல் வரும், பலர் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். மாற்றம் பெரிதாக இருந்தால் கட்டணமின்றி வேறு விமானத்துக்கு மாற்றிக் கேட்கலாம். தேதியை ஒரு நாள் முன்னால் கொண்டுபோக முன்பே ஆசைப்பட்டிருந்தால், அதைக் கேட்பதற்கும் அந்த அழைப்புதான் நேரம்.